பெற்றவள் கண்

என் வாய் நைனார்பாளையம் முழுக்கப் பிரசித்தம். குழாயடிக்கு நான் குடத்தோடு போனால் பக்கத்துக் குடம் தானாக நகரும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவளையே வாயடைக்க வைத்தவள் என் மகள். அப்போது அவளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு.

துறுதுறுப்பு என்றால் கொஞ்சநஞ்சமில்லை. சோறு தட்டில் விழும்போது அவள் தெருவில் இருப்பாள். தெருவுக்குப் போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டு ஆடுகளை அவிழ்த்துவிட்டுக் கொண்டிருப்பாள். பாடம் நடக்கும்போதே எழுந்து பஸ் பார்க்க ஓடுவாள். காத்து கருப்பு என்றார்கள். தாயத்து கட்டினோம். அதைக் கழற்றி ஓர் ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்டிவிட்டு வந்தாள். என் கணவரின் அண்ணன், அடியாத மாடு படியாது என்றார். அதையும் செய்து பார்த்தோம். அவளும் அழுதாள், நானும் அழுதேன், ஆடு மட்டும் தாயத்தோடு சுகமாக மேய்ந்தது.

கடைசியில் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா பலமுறை வரச்சொல்லிப் பார்த்துவிட்டு, ஏ.டி.எச்.டி. என்றார். இவளுக்குக் கவனமும் ஓரிடத்தில் நிற்காது, உடம்பும் நிற்காது. பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை, நீங்கள் வளர்த்த குறையும் இல்லை என்று விளக்கினார். அந்தக் கடைசி வார்த்தைக்காக அவருக்குக் கோயில் கட்டியிருப்பேன்.

வீடு வந்து சேர்வதற்குள் பள்ளியில் அடுத்த இடி. முந்தைய நாள் இவள் தள்ளிவிட்டதில் ஒரு பையனுக்குப் பல் விழுந்திருந்தது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, அரையாண்டுத் தேர்வு வரை பார்ப்பேன், அதற்குள் வகுப்பில் உட்காரவில்லை என்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அதைக் கேட்ட கணவரின் அண்ணன், தூரத்தில் ஏதோ விடுதி இருக்கிறதாம், கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார். எட்டு வயசுப் பெண்ணையா? தூக்கத்தில்கூட என் முந்தானையைப் பிடித்துக்கொள்கிற பெண்ணையா? முடியாது என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

டாக்டரம்மா சொன்னதன் பேரில் சனிக்கிழமைதோறும் தியாகதுருகம் போக ஆரம்பித்தேன். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு பள்ளியின் பின்னறையில் கூட்டம். பிள்ளைகளுக்கு என்று நினைத்துப் போனால், பெற்றவர்களுக்கு வகுப்பாம். பிள்ளைக்கு நோவு, எனக்குப் பாடமா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கல்வராயன் மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி ஓர் அம்மா வந்திருந்தார், எங்களுக்கெல்லாம் அவர் மலையம்மா. அவர் மகனும் இப்படித்தானாம். அன்று அவர் தன் கதையைச் சொல்லச் சொல்ல, என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வது போலவே இருந்தது. உலகத்தில் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று தெரிந்தபோது எவ்வளவு நிம்மதி!

வகுப்பு நடத்தியது ஒரு சின்ன வயது டீச்சர். பிள்ளை எது நல்லது செய்தாலும் அந்த நிமிடமே வாய்விட்டுப் பாராட்டுங்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். அடுத்த வாரம் கேட்டால் ஒருத்தரும் செய்யவில்லை. டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் எழுந்து சொன்னேன்.

"டீச்சர், பெத்தவ கண்ணுதான் பொல்லாத கண்ணு. கொழுகொழுன்னு இருக்கிற புள்ளயவே எலும்பும் தோலுமா கெடக்குதுன்னு சொல்லிக்கினு இருக்கிறவங்க நாங்க. வாயாலயே கண்ணு வெக்கச் சொல்றீங்களே?"

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று மலையம்மாவும் சேர்ந்துகொண்டார். டீச்சர் யோசித்தார். அடுத்த வாரம் பேசலாம் என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

பதில் என் வீட்டு அடுப்படியில் கிடைத்தது. ஒரு காலையில் இவள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் தோசையைத் தின்று முடித்து, தட்டையும் கழுவி வைத்தாள். என்னை அறியாமல் வாய் முந்திக்கொண்டது.

"எஞ்செல்லம், எம்மாம் அழகா உக்காந்து துன்ன!"

சொன்ன பிறகுதான் பகீரென்றது. சட்டென்று இரண்டு கையாலும் அவள் முகத்தை வழித்தெடுத்து, என் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறித்தேன். படபடவென்று பொரிந்தது. எவ்வளவு சத்தமோ அவ்வளவு திருஷ்டி கழிந்தது என்பது எங்கள் கணக்கு.

ஓடிக்கொண்டே இருக்கும் என் மகள் அப்படியே நின்றாள். என் விரல்களையே பார்த்தாள். இன்னொரு வாட்டி என்றாள். பையை எடுத்து ஆணியில் மாட்டு, செய்கிறேன் என்றேன். மாட்டினாள். ஆனால் ஒருமுறை முறித்த விரல் உடனே பொரியுமா? என் கையில் சத்தமே வரவில்லை. அவள் முகம் வாடியது. வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கணவரை உள்ளே கூப்பிட்டேன். ஆம்பளை நெட்டி முறிப்பதா என்று முறைத்தார். நான் அதைவிடப் பெரிதாக முறைத்தேன். மனுஷன் கதவைச் சாத்திவிட்டு முறித்தார். மரவள்ளி பிடுங்கிக் காய்ப்புக் காய்த்த கை, தீபாவளி வெடி கெட்டது! மகள் கைதட்டிக் குதித்தாள். அவர் வெட்கப்பட்டுச் சிரித்ததைக் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கூட்டத்தில் சொன்னதும் டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு அப்படியே செய்யுங்கள் என்றார். அன்றிலிருந்து எங்கள் எல்லார் வீட்டிலும் பாராட்டும் வந்தது, பின்னாலேயே நெட்டியும் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இவள் உட்காரப் பழகினாள். எழ வேண்டும் போலிருந்தால் கேட்டுவிட்டு எழப் பழகினாள். எல்லா நாளும் இல்லை, ஆனால் நிறைய நாள்.

அரையாண்டு முடிந்தது. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பல் விழுந்த பையனின் அப்பாவும் வருகிறார் என்றார்கள். என் வாயைப் பற்றித்தான் எனக்குப் பயம். அதற்கும் கூட்டத்தில் ஒத்திகை பார்த்தோம். மலையம்மா தலைமையாசிரியை, என் கணவர் அந்த அப்பா. முதல் ஒத்திகையில் கணவரை நான் கிழித்த கிழியில் அறையே சிரித்தது. மறுபடி மறுபடி செய்தோம்.

நிஜத்தில் அந்த மனிதர் எடுத்த எடுப்பிலேயே, "இந்த மாதிரி புள்ளய வூட்ல கட்டி வெக்கணும்மா" என்றார். மகள் என் பக்கத்திலேயே நின்றிருந்தாள். என் நாக்கு நுனியில் ஒரு வண்டி வசவு வந்து நின்றது. மகளின் முதுகில் கையை வைத்து மூச்சை இழுத்துவிட்டேன்.

"உங்க புள்ளைக்கு வலிச்சதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கிறங்க. எம் பொண்ண கட்டி வெக்க மாட்டேன். அவளுக்கு முன் பெஞ்சு குடுங்க, நடுவுல எதனா வேல சொல்லி எழுப்பி வுடுங்க. உக்காருவா."

குரல் உயரவில்லை. எனக்கே அது யார் குரலோ என்றிருந்தது. தலைமையாசிரியை என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். தேர்வில் இவள் பாதிக்கு மேல் உட்கார்ந்து எழுதியதாக வகுப்பு டீச்சர் சொன்னதைச் சொன்னார். பிறகு, டி.சி. வேண்டாம், நாளையிலிருந்து முன் பெஞ்சு, சாக்பீஸ் எடுத்து வரும் வேலை இவளுக்கு என்றார். அந்த மனிதர் முனகிக்கொண்டே போனார், போகட்டும். ஜெயித்துவிட்டேன்! ஊரெல்லாம் கேட்கக் கத்த வேண்டும் போல இருந்தது.

கேட்டுக்கு வெளியே வந்ததும் மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். பிசுக்குக் கைகளால் என் முகத்தை வழித்தெடுத்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாள். அந்தப் பிஞ்சு விரல் பொரியவில்லை. ஒரு நொடி யோசித்துவிட்டு வாயாலேயே சத்தம் போட்டாள்.

"படபடபட! அம்மா, நீ கத்தவே இல்ல. எம்மாம் திருஷ்டி பாரு!"

அவளைப் பெற்ற நாளிலிருந்து ஊரும் உறவும் என்னை ஏசித்தான் கேட்டிருக்கிறேன். நான் நல்லா செய்தேன் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். பஸ் வரும்வரை ரோட்டோரத்தில் நின்று அழுதேன். அவளும் ஓடாமல் என் பக்கத்திலேயே நின்றாள்.