வலது கோடியிலிருந்து பார்க்க வேண்டிய பதினான்கு படங்கள்

பிப்ரவரி கடைசி சனி, ஞாயிறு இரண்டு நாளும் திருவண்ணாமலையில் இருந்தேன். சாமி கும்பிடப் போகவில்லை என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை. மூன்று ஓவியர்களைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொன்னால் ஒருவரைப் பார்க்கத்தான். மற்ற இருவரையும் தைரியத்துக்குச் சேர்த்துக்கொண்டேன்.

அந்த ஒருவர் மகேஸ்வரி. ஓவியக் கல்லூரியில் என்னோடு படித்தவள். நான் இன்சூரன்ஸ் வேலைக்குப் போய்விட்டேன். அவள் மலைக்கு மேற்கே, கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் குடியேறி மலையை வரைகிறாள். டிசம்பரில் சென்னையில் ‘வலம்’ என்று ஒரு கண்காட்சி வைத்தாள். கிரிவலப் பாதையின் பதினான்கு கிலோமீட்டருக்குப் பதினான்கு படங்கள், ஒரே சுவரில், ஒரே வரிசையில். பார்த்துவிட்டு இதே வலைப்பூவில் எழுதினேன்: ‘வெயிலில் தொடங்கும் மலை படத்துக்குப் படம் அணைந்துகொண்டே போகிறது. வரைந்தவருக்கு அலுத்துவிட்டது தெரிகிறது. கடைசிப் படம் வெறும் கறுப்பு, அது இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.’ எழுதியபோது எனக்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பிப்ரவரியில் அவளிடமிருந்து செய்தி வந்தது. ‘நீ எழுதினது சரிதான் போல. வெளிச்சமா இருக்கற மூணு படத்தை ஒரு லாட்ஜ்காரர் கேட்டிருக்கார், கடைசி ஞாயிறு பத்து மணிக்கு வர்றார். மிச்சத்து மேல வெள்ளை அடிச்சு கேன்வாஸை வேற எதுக்காவது வச்சுக்கறேன்.’ சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு தடவை முழு வரிசையையும் திரும்பப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை 6.15க்குக் கிளாம்பாக்கத்தில் அரசுப் பேருந்து. திண்டிவனம், செஞ்சி வழி. நான் முதலில் இறங்கியது கீழ்பென்னாத்தூரில், அப்போது மணி 9.50. இளவரசன் அங்கே செல்போன் கடையில் வேலை பார்க்கிறார். காலை நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயில் வரைகிறார். மல்லாட்டை காயப்போடும் அதே தார்ப்பாய். வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பெயர் அது. பத்தடி உயரத்துக்கு ஒரே ஒரு மல்லாட்டைச் செடி, வேரும் காயும் மேலே, இலை கீழே. வண்ணத்தோடு அவர்கள் நிலத்து மண்ணையும் குழைத்துப் பூசுகிறார். ஏன் தலைகீழாக என்று கேட்டதற்கு, “நாங்க செடியைக் கவனிச்சுப் பாக்கறதே பிடுங்கினதுக்கு அப்புறம்தாங்க. இலையை யாரு பாக்கறாங்க?” என்றார். அப்படிப் பார்த்தால் தலைகீழ் நாம் வரைவதுதான்.

அங்கிருந்து திருவண்ணாமலை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், அடிக்கடி பேருந்து இருக்கிறது. கோயிலுக்குப் பக்கத்தில் 700 ரூபாய்க்கு அறை கிடைத்தது. பௌர்ணமி என்றால் இந்த விலையை மறந்துவிடுங்கள். மாலையில் சேகர் சாரைப் பார்த்தேன். அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர். இருபது வருடமாக அவர் வரைவது ஒன்றே ஒன்றுதான்: லாட்ஜ் பால்கனிகளில் காயும் துணிகள். உள்ளங்கை அகலத்தில் நீர்வண்ணம். ஈர வேட்டி, சிவப்புப் புடவை, குழந்தையின் ஸ்வெட்டர். ஆட்களே இல்லாமல் கூட்டத்தை வரைகிற மனிதர். மலை மட்டும் ஒரு படத்திலும் இல்லை.

“மலையை வரைஞ்சா, படம் எப்படி இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுடறாங்க சார். நல்லா இருக்கா இல்லையான்னு யாரும் சொல்றதில்ல. மகேஸ்வரி மேடத்துக்குத் துணிச்சல் ஜாஸ்தி” என்றார். நன்றாக இல்லை என்று அவளுக்குச் சொன்ன ஆள் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

அன்று தூக்கம் வரவில்லை. ஞாயிறு விடியற்காலை நாலரைக்கே கிளம்பிவிட்டேன். அடி அண்ணாமலைக்கு வடக்குப் பக்கமாகப் போனால் ஐந்து கிலோமீட்டர்தான் என்று போன் சொன்னது. பத்து நிமிடம் நடந்திருப்பேன். எதிரில் வந்த நாலைந்து பேரும் என்னை ஒருமாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். ஓர் ஆட்டோ வேகம் குறைத்து நின்றது. ஓட்டுநர் குமார், எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

“அப்புறம் ஏன் சார் மலையை இடது கையில வச்சுட்டு நடக்கறீங்க?”

நான் கிரிவலம் போகவில்லை, தெரிந்தவர் வீட்டுக்குப் போகிறேன் என்று விளக்கினேன். அவர் அதை ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. “ஆட்டோல போனா எப்படி வேணா போலாம் சார். நடந்தா வலமாத்தான் போகணும். மலை வலது கைப்பக்கமே இருக்கணும்.” சொன்னதோடு விடாமல் என்னை ஏற்றி ராஜகோபுரத்து வாசலில் கொண்டுபோய் இறக்கினார். ஐம்பது ரூபாய். ஐந்து கிலோமீட்டர் நடை ஒன்பதானது.

முதல் கிலோமீட்டரில் மலையே தெரியவில்லை. வானத்தில் நட்சத்திரம் இல்லாத ஓர் இடம் இருந்தது, அதுதான் மலை. எனக்குச் சுருக்கென்றது. மகேஸ்வரியின் அந்தக் கறுப்புப் படத்திலும் மேலே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. கேன்வாஸில் தூசி என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொண்டே போனேன் என்பதைவிட, பார்த்ததையே திரும்பப் பார்த்தேன் என்பதுதான் சரி. மூன்றாவது கிலோமீட்டரில் அவளுடைய நீலம் வந்தது. ஐந்தில் சாம்பல், ஏழில் செங்கல் நிறம். ஏழு மணி தாண்டி அடி அண்ணாமலையில் சூரியன் மலைக்குப் பின்னால் ஏறியபோது மலை விளிம்பு மட்டும் தகதகத்தது. எல்லாமே சென்னையில் பார்த்த படங்கள், ஆனால் நேரெதிர் வரிசையில்.

அவள் வீட்டில் காலைக் காபி கொடுத்தாள். உட்காராமலே கேட்டேன், அந்தச் சுவரில் முதல் படத்தை எங்கே மாட்டினாய் என்று. “வலது கோடியில. வேற எங்க மாட்டுவாங்க? சுவர் வலது கைப்பக்கம் இருந்தாத்தானே அது வலம்?” என்றாள். படங்களை மாட்டிவிட்டு அன்றே ஊருக்குத் திரும்பியிருக்கிறாள். மகளுக்குத் தேர்வு.

கதவு இடது கோடியில் இருந்தது. சென்னைக்காரன் கதவுப் பக்கத்திலிருந்து, இடமிருந்து வலமாக, புத்தகம் படிப்பதுபோலப் பார்த்தான். நான் மட்டுமல்ல, வந்த எல்லோருமே. அதைச் சொன்னேன்.

“விடியறதைப் பாத்துட்டு அணையுதுன்னு எழுதியிருக்க” என்றாள். பிறகு உள்ளே போய் ஒரு கேன்வாஸைத் தூக்கிவந்தாள். முழு வெள்ளை. “கடைசிப் படம் தேவையில்லன்னு எழுதியிருந்தியே. அதை மட்டும் வெள்ளிக்கிழமையே அடிச்சுட்டேன்.”

கடைசி அல்ல, முதல் படம் அது. மன்னிப்பு கேட்டேன். வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

இருவருமாகக் கூடத்தில் வரிசையை மாட்டினோம், வலது கோடியில் அந்த வெள்ளையைக் கொண்டு தொடங்கி. பத்து மணிக்கு லாட்ஜ்காரர் வந்தார். உள்ளூர்க்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், யாரும் சொல்லாமலே நேராக வலது கோடிக்குப் போய், சுவரை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மறு கோடியில் நின்று, “காத்தால நாலரைக்குக் கிளம்பின நடை” என்றார். பிறகு திரும்பி, முதல் படம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார்.

“வரைஞ்சதுதாங்க. இருட்டு புரியாத ஒருத்தர் சொன்னாருன்னு அழிச்சுட்டேன். திரும்பப் போடறேன்” என்றாள் மகேஸ்வரி, என் பக்கம் திரும்பாமல். மூன்றைத் தனியாகப் பிரித்துத் தர முடியாது என்றும் சொல்லிவிட்டாள். அவருக்கு ஏமாற்றம்தான். ஆனாலும், தன் லாட்ஜுக்கு வருகிறவர்களை இங்கே அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

என் பழைய பதிவை நான் நீக்கவில்லை. ஊர் திரும்பியதும் அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துப் பார்த்தேன். பரவாயில்லை, ஓரளவு சரியாகவே இருக்கிறது. அதன் தலையில் இந்தப் பதிவின் இணைப்பைச் சேர்த்திருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: பௌர்ணமி வாரத்தைத் தவிருங்கள். நாலரைக்குக் கோபுரத்திலிருந்து தொடங்கினால் வெயிலுக்கு முன் முக்கால்வாசி முடிந்துவிடும், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலைகளில் மகேஸ்வரி வீட்டைத் திறந்து வைக்கிறாள். அடி அண்ணாமலையில் படம் போடுகிற அக்கா வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். நீங்கள் போவதற்குள் முதல் படத்தை அவள் முடித்திருப்பாள். உள்ளே போனதும் வலது கோடிக்குப் போங்கள். வெறும் இருட்டாகத்தான் தெரியும். அவசரப்படாமல் ஒரு நிமிடம் நின்று, நட்சத்திரம் இல்லாத இடத்தைப் பாருங்கள்.