போண்டா சாப்பிடாதவள்

1. காலையில் லேத் மெஷினைச் சரிபார்க்கும்போது என் கையில் ஆயில் பட்டது.
2. டீ நேரத்தில் சக பொறியாளர் ஒரு போண்டாவை நீட்டினார்.
3. "நான் போண்டா சாப்பிடறதில்லைங்க" என்றேன்.

கையை முகர்ந்தபோது திருவெறும்பூர் குவார்ட்டர்ஸ் வீடு நினைவில் வந்தது. ஃபேக்டரி கேன்டீனில் தனக்குக் கொடுக்கும் போண்டாவை அப்பா சாப்பிடாமல், டிபன் பாக்ஸில் வைத்து எனக்காகக் கொண்டுவருவார். ஆறிப்போய், உள்ளே வெங்காயம் இனிக்கும். எனக்கு அது அவ்வளவு பிடிக்கும்.

ஏழு வயதில் ஒருநாள், பக்கத்து வீட்டு அத்தை முன்னால், "உங்க கை ஆயில் நாத்தம் அடிக்குதுப்பா, எனக்கு வேணாம்" என்று தள்ளிவிட்டேன்.

"பாருங்க உங்க மகாராணிய!" என்று அத்தை சிரித்தார்.

"அதெல்லாம் இல்லைங்க. பாப்பாவுக்குப் போண்டான்னாலே பிடிக்காது" என்று அப்பாவும் சிரித்தார். பிறகு குழாயடியில் நெடுநேரம் சோப்புப் போட்டுக் கைகழுவினார். அதன்பின் போண்டா கொண்டுவரவே இல்லை.

உறவினர் வீடுகளிலும் அதையே சொன்னார். நானும் எங்கும் போண்டாவைத் தொடவில்லை. தொட்டால், அன்று நான் மறுத்தது அவருடைய கையைத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. அப்பா இறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. நான் இன்னும் போண்டா சாப்பிடுவதில்லை.