ஓதிலுக்குக் கட்டிய கறுப்பு பலூன்கள்

பிரான்சின் லியோன் நகரத்தில் வாழ்க்கைப்பட்டு இருபது வருஷம் ஆகியும் டார்லீன் அசல் அமெரிக்காக்காரிதான். நல்லது செய்யப்போய் வம்பை விலைக்கு வாங்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

நாத்தனார் ஓதிலுக்கு ஐம்பது பிறந்தது. டார்லீன் பிறந்த ஊரில் ஐம்பது என்றால் கேலி செய்தே தீரவேண்டும். கறுப்பு பலூன்களில் பெரிதாக 50 என்று எழுதி, கல்லறை மாதிரி, மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதிய ஒரு கேக்கும் செய்து வைத்தாள். கணவன் தியெரியிடம்கூட மூச்சுவிடவில்லை.

ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு ஓதில் தனியாக வரவில்லை. விவாகரத்துக்குப் பிறகு முதன்முதலாக ஒருவரைக் கூட்டிவந்திருந்தாள். சிவப்புக் கவுன், உதட்டுச் சாயம், பக்கத்தில் பூங்கொத்தோடு ரெமி.

டார்லீன் "ஹே!" என்று கத்தினாள். வேறு யாரும் கத்தவில்லை. ரெமியின் கண் பலூன்களைவிட்டு நகரவில்லை.

"அவர்கிட்ட வயசச் சொல்லியிருக்காளோ இல்லையோ, பாவி!" தியெரி டார்லீனைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

இந்த ஊரில் மனசுவிட்டுப் பேச டார்லீனுக்கிருந்த ஒரே ஆள் ஓதில். ரெமி இப்படியே திரும்பிப் போனால் ஓதில் இனி இந்த வாசலை மிதிக்கமாட்டாள்.

"செத்தது யாரு அண்ணி?" என்றாள் ஓதில்.

"சும்மா தமாஷுக்கு... எங்க ஊர்ல..."

"உங்க ஊர்ல அம்பதோட ஆயுசு முடிஞ்சிருமா? எனக்கு மூணு மாசமா ராத்திரி தூக்கமே இல்ல. இவரால!"

ரெமியின் காது சிவந்துவிட்டது. "எனக்கு அம்பத்தி நாலுங்க. எனக்கும் குழி வெட்டியாச்சா?"

தியெரி வெடித்துச் சிரித்தான். ஓதில் சிரிக்கவில்லை. கேக்கைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். டார்லீன் பயந்தபடியே பின்னால் போனாள்.

"மன்னிச்சிரு ஓதில்."

"உங்க அம்பதுக்கும் இப்படித்தான் பண்ணாங்களா?"

"ஆமா. ஊருக்குப் போயிருந்தப்ப எங்கக்கா பண்ணா. கையில ஊன்றுகோல்கூடக் குடுத்தா."

"சிரிச்சீங்களா?"

"எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான்."

"அப்புறம்?"

டார்லீன் தன் தொளதொள சாம்பல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அப்புறம் அன்னிக்குப் போட்டிருந்த நீலக் கவுன மறுபடி போடவேயில்ல."

ஓதில் கத்தியை எடுத்தாள். கேக்கின் மேலிருந்த எழுத்தை வழித்துத் தொட்டியில் போட்டாள்.

"போய் மாத்திட்டு வாங்க."

"இப்போ பத்தாதுடி."

"பத்தலைன்னா முதுகுல ஜிப்பத் திறந்து விட்டுக்குங்க. நீங்க வர்றவரைக்கும் சோறு கிடையாது, யாருக்கும்."

டார்லீன் மாடியேறினாள். அலமாரிக்குள் கைவிட்டு, அடியில் கிடந்த நீலத்தை உருவி எடுத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.