மெல்பேர்னில் மெதுவாகப் பாடிய பெல்ஜியக்காரர்கள்

மெல்பேர்ன் மண்டபத்தில் பாட்டுத் தொடங்கியதும் எனக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்றே நம்பினேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

2011 மார்ச், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் இருந்து காரை எடுத்தேன். மெல்பேர்ன் பக்கத்து டார்னெய்ட் வரை ஏறக்குறைய எண்ணூற்று அறுபது கிலோமீட்டர். விமானத்தில் போயிருக்கலாம். ஆனால் விமானம் குலுங்கினால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. கடைசியாகப் பிடித்த கை ஒரு பொலிஸ்காரருடையது.

பயணத்துக்குக் காரணம் ஒரு பெல்ஜியப் பாட்டுக் குழு. அதன் பெயரை நானும் யோகனும் ஒருநாளும் ஒரே மாதிரி உச்சரித்ததில்லை. யோகன் யாழ்ப்பாணத்தில் என் பக்கத்து வீட்டுக்காரன். இப்போது டார்னெய்ட்டில் இருக்கிறான்.

வழியெல்லாம் அந்தக் குழுவின் இசைத்தட்டுகளைப் போட்டுக்கொண்டே போனேன். இரண்டாவது அல்பத்தில் கிற்றார் புகுந்து சத்தம் கூடியிருந்தது. மூன்றாவதில் கீபோட் வாசித்த பெண் விலகிப் போய்விட்டாள். ஒரு பியானோவும் பாடகனின் துக்கமும்தான் மிச்சம். முதல் அல்பம் என்னிடம் இல்லை. மனப்பாடமாக இருப்பதைக் காசு கொடுத்து வாங்குவானேன்? பிரிந்தவர்கள் இப்போது மறுபடி சேர்ந்து, அந்த முதல் அல்பத்தை முழுதாகப் பாட வந்திருந்தார்கள்.

வழியில் கண்டகாய் என்ற ஊரில் இறைச்சி பேஸ்ரியும் கோப்பியும் ஒன்பது டொலர். பிற்பகல் மூன்று மணிக்கு டார்னெய்ட். யோகனின் மனைவி வாசுகி வாசலிலேயே என்னை மறித்தாள்.

“அண்ணை, உங்கட பகிடி எல்லாம் விடுங்கோ, பரவாயில்லை. ரமணன்ரை பேரை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ. எடுத்தா எழும்பிப் போயிடுவார். பிறகு ரெண்டு நாளைக்குப் பேச்சில்லை.”

ரமணன் யோகனின் தம்பி. யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமல் போனவன். அன்றிலிருந்து யோகனுக்கு வேலை, வீடு, வேலை. அவனை வெளியே இழுத்து வருவதற்காகத்தான் நான் ரிக்கெற் வாங்கினேன்.

சனி பிற்பகல் மண்டபத்தில் பாடகன் ஒரு பழைய பெட்டியைத் தட்டிக் காட்டினான். முதல் அல்பத்துக்குத் தாளம் போட்ட அதே இயந்திரமாம், அதே வேகமாம். கைதட்டினோம். பாட்டுத் தொடங்கியது.

மெதுவாக. படுமெதுவாக. பாடகனின் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. பாடகனுக்கு வயது போகலாம், இயந்திரத்துக்குமா போகும்? அப்படியென்றால் கோளாறு என் மூளையில்தான். பக்கவாதமென்றால் இரண்டு கையையும் உயர்த்திப் பார்க்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். உயர்த்தினேன். பின்வரிசைக்காரர்கள் நான் ஆடுகிறேன் என்று நினைத்துத் தாங்களும் உயர்த்தினார்கள். சாவதற்குள் நூறு வெள்ளைக்காரரை ஆடவைத்துவிட்டேன்.

“கையை இறக்கடா விசரா,” என்றான் யோகன்.

“மச்சான், எனக்கு எல்லாம் மெதுவாக் கேக்குது. அம்புலன்சைக் கூப்பிடு.”

“எனக்கும் அப்பிடித்தான் கேக்குது. பாட்டின்ரை வேகமே இதுதான். நாங்கள் கேட்டது சைக்கிளில.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொழும்பில் இருந்து அந்த முதல் அல்பத்தின் கசெற் வந்தபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் கசெற் ரேடியோவை ஓடவைத்த காலம். சுற்றும் வேகந்தான் பாட்டின் வேகம். எங்கள் வீட்டின் பின்பக்கக் கோடியில் எப்போதும் பெடலைச் சுற்றியவன் ரமணன்.

அந்தப் பெயர் என் வாய்வரை வந்தது. வாசுகியை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

யோகன் மேடையைப் பார்த்தபடியே சொன்னான்: “ரமணனுக்கு மெதுவாச் சுத்தத் தெரியாது மச்சான்.”

நான் அவன் பக்கம் நகர்ந்தேன்.

“இந்தப் பாட்டு அழுகிற பாட்டெண்டு இண்டைக்குத்தானடா தெரியும்,” என்றான். “அவன் இதுக்கு எங்களை ஆடவெல்லோ வைச்சவன்.” பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். மிச்சப் பாட்டுகள் முடியும்வரை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குள் போய்க் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சைக்கிள் கதையை வாசுகிக்குத் தானே சொன்னான். அவள் ரமணனை நேரில் கண்டதில்லை. கையில் கரண்டியோடு நின்று கேட்டாள்.

“அவர் உங்களைவிட உயரமோ?”

“ஓம். கறுவல். சிரிச்சா ஊருக்கே கேக்கும்.”

சோறு ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

ஞாயிறு காலை நான் சிட்னிக்குத் திரும்பினேன். ரமணனைப் பற்றி அதுவரை ஒரு தகவலும் இல்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.