டியூபாவிலிருந்து எழுந்த மேகம்

என் அம்மா நார்மா ஸ்கோஃபீல்ட், வெளியிடத்தில் மின்சிகரெட்டைக் கையில் எடுப்பதற்கு முன் காற்றைப் பார்ப்பாள். முகத்தை லேசாகத் திருப்பி, எந்தக் காதில் குளிர் படுகிறது என்று கவனிப்பாள். பிறகு எல்லோரையும் தாண்டி, காற்று போகும் பக்கமாகப் போய் நிற்பாள்.

கட்டடங்களுக்குக் காற்றோட்டம் அமைப்பது என் தொழில். கருவிகளை வைத்து அளந்திருந்தாலும் அவள் நின்ற இடத்தைவிடச் சரியான இடத்தை நான் காட்டியிருக்க முடியாது. இதை அவளிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மார்ச் மாதம் இறந்துவிட்டாள். மூளையில் ரத்தக்கசிவு. அறுபத்தொன்பது வயது. நுரையீரல் சுத்தமாக இருந்தது என்றார் மருத்துவர்.

சந்தையில் திரைச்சீலைத் துணி விற்கும் கடையில் வேலை பார்த்தாள். பதினான்கு வயதில் எங்கள் ஊர் பித்தளை பேண்டில் சேர்ந்தாள். முதலில் சின்னக் கொம்பு, பிறகு டியூபா. மடியில் ஒரு குழந்தையை உட்கார வைத்ததுபோல் அணைத்துக்கொண்டு வாசிக்க வேண்டிய பெரிய வாத்தியம் அது. கடைசி வரிசையில் இடமிருந்து இரண்டாவது நாற்காலி அவளுடையது. நாற்பது வருடம் அதில் உட்கார்ந்தாள். அதே அளவு வருடங்கள் சிகரெட்டும் பிடித்தாள்.

ஒரு குளிர்காலத்தில் பேண்டு மாஸ்டர் க்ளைவ் அவளை ஓரமாக அழைத்துப் பேசினார்.

“நார்மா, அந்தக் கடைசிப் பாட்டுல நீட்டு ஸ்வரம் பன்னெண்டு தட்டு. நீ ஏழுல மூச்சு எடுக்குற.”

“எட்டுல.”

“நேத்து ஏழுதான். கோடைக்குள்ள சரி பண்ணிக்க. இல்லேன்னா அந்த நாற்காலிய நான் வேற யாருக்காவது குடுக்கணும். மனசுல வெச்சுக்காத.”

“வெச்சுக்குவேன்,” என்றாள் அம்மா. மறுநாள் மருந்தகத்துக்குப் போய் சிகரெட்டை விட உதவி கேட்டாள். அவர்கள் மின்சிகரெட்டைக் கொடுத்தார்கள். மே மாதத்துக்குள் பன்னிரண்டு தட்டும் ஒரே மூச்சில் வந்தது.

சிகரெட் பிடித்த காலத்தில் யாரும் அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது எல்லோரும் பார்த்தார்கள். மின்சிகரெட்டில் ஊற்றும் திரவத்தில் எலுமிச்சை வாசனை வாங்கினாள். பேருந்து நிறுத்தத்தில் கைகள் விசிறின. கஸ்டர்ட் வாசனை வாங்கினாள்; வரிசையில் நின்றவர்களுக்குப் பசித்தது. புகையிலை வாசனைக்குக் கடைக்காரர் ஒருவர் நெருப்பைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார். கடைசியில் வாசனையே இல்லாததற்கு மாறினாள். அப்போதும், காற்று தன் பக்கத்திலிருந்து அம்மாவை நோக்கி வீசும் இடத்தில் நின்றுகொண்டு ஒரு பெண்மணி இருமினார்.

“மன்னிச்சுக்கங்கம்மா,” என்று அம்மா இன்னும் பத்தடி தள்ளிப் போனாள்.

மீன்கடைக்காரர் தினமும் கேட்பார்: “என்ன நார்மா, ரயில் கிளம்பிருச்சா?”

“கிளம்பிருச்சு. உனக்குத்தான் டிக்கெட் இல்ல. மீன் வாசனைக்கு ஆளுங்க எறங்கிருவாங்க.”

தாதிச் சீருடையில் இருந்த ஓர் இளம்பெண் ஒருமுறை கேட்டாள்: “ஆண்ட்டி, என்ன ஃப்ளேவர்?”

“ஒண்ணும் இல்ல கண்ணு.”

“அப்புறம் எதுக்கு?”

“டியூபாவுக்கு.”

அந்தப் பெண் மெல்ல இரண்டடி விலகிக்கொண்டாள்.

அம்மாவுக்கு அவளே வகுத்துக்கொண்ட ஒழுங்கு இருந்தது. குழந்தை வண்டி பக்கத்தில் வந்தால் வெளியே விடுவதில்லை. கதவு வாசலில் இல்லை. வரிசையில் இல்லை. பாதி இழுத்த பிறகு யாராவது வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு, அவர்கள் போகும்வரை நிற்பாள். டியூபா வாசிப்பவளுக்கு அது பெரிய காரியமில்லை. கண்ணைச் சற்று அகலமாக வைத்துக்கொண்டு, தண்ணீருக்கடியில் நிற்பவள்போல் நிற்பாள்.

எனக்கு அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

என் நிறுவனத்தின் விருந்து ஒன்றுக்கு அவளை அழைத்துப் போயிருந்தேன். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து தோட்டத்துக்குப் போனாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால், மரத்தடியில், வெள்ளையாக ஒரு மேகம் எழுந்தது. என் மேலதிகாரி அதைப் பார்த்து, “யாரோ வெளியில கெட்டில் வெச்சிருக்காங்களா?” என்றார். மேசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அது என் அம்மா என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் பேண்டின் செயலாளர் வெண்டி என்னைக் கூப்பிட்டார். ஒத்திகை அறை பழைய ஞாயிறு பள்ளிக் கட்டடம், தாழ்வான கூரை. மின்சிகரெட்டை உள்ளே அனுமதிக்கலாமா என்று ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார். அளந்தேன். மணிக்கு ஒருமுறைதான் காற்று மாறியது. அறையில் கூடாது என்று எழுதினேன். அது சரியான விடை. அதற்குக் கீழே இன்னொரு வரியையும் சேர்த்தேன்: சீருடையில் இருக்கும்போது எந்த இடத்திலும் கூடாது, மீறினால் ஒரு பருவம் இடைநீக்கம். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. என் பெயர் வேண்டாம் என்றேன். வெண்டி அப்படியே விதிப்புத்தகத்தில் சேர்த்துக்கொண்டார்.

அம்மா அந்த விதியைப் படித்துவிட்டு, சீருடைக்கு மேல் மாட்டிக்கொள்ள ஒரு பழைய மழைக்கோட்டு வாங்கினாள். “இப்ப நான் சீருடையில இல்ல, மழைக்கோட்டுல இருக்கேன்,” என்று பேண்டின் பேருந்துக்குப் பின்னால் போய் நிற்பாள். எல்லோரும் தெரியாததுபோல் இருந்தார்கள்.

பெந்தெகொஸ்தே ஞாயிறை அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் மலைப்பக்கத்தில் பேண்டுகளின் நாள். பிற்பகலில் தொடங்கி, பேருந்தில் ஊர் ஊராகப் போவோம்; வாசிக்காவிட்டாலும் அம்மாவோடு நானும் போவேன். ஒவ்வோர் ஊரிலும் தெருவில் அணிவகுத்து வந்து, ஒரு கேரவன் முன்னால் நின்று வாசிக்க வேண்டும். கேரவனுக்குள் திரையை இழுத்துவிட்டு நடுவர் உட்கார்ந்திருப்பார். எந்த பேண்டு என்று அவருக்குத் தெரியக் கூடாது. காதால் மட்டும் மதிப்பெண் போட வேண்டும். அந்த நாளில் அம்மா பத்து மணி நேரம் சீருடையில் இருப்பாள்.

அந்த வருடம் ஆறாவது ஊர் ஓவர்ஷா. மாலை எட்டரை. ஜூனில் எங்கள் பக்கம் பகல் நீளம் என்பதால் சூரியன் இன்னும் மலைமேல் இருந்தது. புல் காய்ந்த வாசனை. கீழே வேறு எந்த ஊரிலோ வாசித்துக்கொண்டிருந்த பேண்டின் ஓசை காற்றில் வந்து வந்து போனது. பட்டியலில் எங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேண்டுகள் இருந்தன. பேருந்து மலையடிவாரத்தில் நின்றுவிட்டது, மழைக்கோட்டு அதற்குள். அம்மா ஒரு கற்சுவருக்குப் பின்னால் போனாள். நான் பார்த்தேன்.

ஆழமாக இழுத்தாள். அந்த நேரம் ஒரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு, வெயிலுக்கு ஒதுங்கி, அதே சுவருக்குப் பின்னால் வந்தாள். அம்மா மூச்சை அடக்கினாள். குழந்தை அவளைப் பார்த்துக் கையை ஆட்டியது. அம்மாவும் ஆட்டினாள். அப்போது முரசு தட்டும் சத்தம் கேட்டது. அந்த இரண்டு பேண்டுகளும் வந்து சேரவில்லையாம். எங்கள் முறை வந்துவிட்டது. அம்மா ஓடினாள். டியூபாவைத் தூக்கித் தன் இடத்தில் நின்றாள். இருபுறமும் நடைபாதை விளிம்பில் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் பக்கமும் விட வழியில்லை. க்ளைவ் கோலை உயர்த்தினார். முதல் ஸ்வரம் அவளுடையது.

ஊதினாள்.

முதலில் ஓசை வந்தது. பிறகு டியூபாவின் அந்தத் தங்கநிற வாயின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. பால் பொங்குவதுபோல் விளிம்பு வழிந்து, வழிந்தது கீழே இறங்காமல் எழுந்தது. பின்னாலிருந்த சூரியன் அதைப் பிடித்துக்கொண்டது. வெள்ளை ரோஜாநிறமாகியது. ஸ்வரம் நீளநீள அதுவும் நீண்டது. மதுக்கடை வாசலில் நின்ற கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். மேகம் கூரைகளின் உயரத்துக்குப் போய் அங்கே ஒரு கணம் தங்கியது. இத்தகைய துளிகள் காற்றில் பதினைந்து, இருபது நொடிகளில் ஆவியாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். அன்று அவை அதைவிட நேரம் இருந்தன. அளவெடுக்க என்னிடம் கருவி இல்லை.

பிறகு சிரிப்பு வெடித்தது. கைதட்டினார்கள். விசில் அடித்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டே இருந்தாள். கேரவனுக்குள் இருந்த நடுவருக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே தெரியாது. அவருடைய தாளில், தொடக்கத்தில் டியூபாவின் ஸ்வரம் மிகவும் ஆழமாக, உருண்டு வந்தது என்று எழுதியிருந்தார்.

யாரோ எடுத்த காணொளி நாலு நாளில் எங்கும் பரவியது. பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், குழந்தைகள் முன்னால் இப்படியா என்றார்கள். ஓவர்ஷாவிலிருந்து ஒரு புகார்க் கடிதம் வந்தது. வெண்டி கூட்டம் போட்டார். நானும் அம்மாவோடு போனேன். அம்மாவின் நாற்காலிதான் பேச வேண்டிய பொருள்.

வெண்டி விதியைப் படித்தார். ஒரு பருவம் இடைநீக்கம்.

“ஒரு பருவம் போச்சுன்னா, அறுபத்தாறு வயசுல அவ திரும்பி வருவாளா?” என்றார் ரெஜ். நாற்பது வருடம் அம்மாவின் பக்கத்து நாற்காலியில் டியூபா வாசித்தவர். “யாருக்கு என்ன நஷ்டம்? என் சாக்ஸ் நாத்தத்துக்கு ஒரு விதி இருக்கா?”

“இருக்கணும்,” என்றாள் அம்மா.

நான் எழுந்தேன். “அந்த வரியை எழுதினது நான். அறையப் பத்தித்தான் கேட்டீங்க. வெளியிடத்துக்கு அது தேவையே இல்ல. நானா சேர்த்தேன். எடுத்துடுங்க.”

அம்மா திரும்பிப் பார்த்தாள். “ஏன் கண்ணு?”

“வெட்கமா இருந்துச்சும்மா.”

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். க்ளைவ் தொண்டையைச் செருமினார். “சரி, இப்படிச் செய்யலாம். இடைநீக்கம் வேணாம். ஆனா அடுத்த வருஷத்துலேர்ந்து பேண்டு நாள்ல அந்தச் சாமான் வீட்டுலயே இருக்கணும். வாக்குக் குடு நார்மா, நாற்காலி உன்னோடது. அவ்ளோதான்.”

எல்லோருக்கும் நிம்மதியாயிற்று. ரெஜ் ஏற்கெனவே கைதட்டத் தொடங்கியிருந்தார். அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

“பத்து மணி நேரம் க்ளைவ். இப்ப சரின்னு சொல்லிருவேன். ஏழாவது ஊர்ல யாராவது சிகரெட்டப் பத்தவெச்சுக்கிட்டு நிப்பான். அவன்கிட்ட ஒண்ணு வாங்குவேன். ஒண்ணோட நிக்காது. எனக்கு என்னைத் தெரியும்.”

“முயற்சி பண்ணிப் பாக்கலாமே.”

“நாப்பது வருஷம் முயற்சி பண்ணேன். நாற்காலிய எடுத்துக்கங்க.”

நாற்காலிக்காகத்தான் சிகரெட்டை விட்டாள். சிகரெட்டுக்குத் திரும்பாமல் இருக்க நாற்காலியை விட்டாள். அன்றே டியூபாவை உறையில் போட்டு ரெஜ்ஜிடம் ஒப்படைத்தாள். அது பேண்டின் சொத்து.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள்: “பாக்க அவ்ளோ கேவலமாவா இருந்துச்சு?”

“இல்லம்மா. அந்த விருந்துல என் மேலதிகாரி, யாரோ கெட்டில் வெச்சிருக்காங்களான்னு கேட்டாரு. நீதான்னு நான் சொல்லல.”

நின்றுவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிய நேரமாயிற்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சொல்லியிருக்கலாம்டி,” என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி எப்போதும் பேசவில்லை.

அடுத்த வருடம் அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் ஓவர்ஷாவுக்கு மேலே, மேய்ச்சல் நிலத்தின் எல்லைச் சுவரில் உட்கார்ந்தோம். மின்சிகரெட்டை எடுக்க அவள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, சுற்றிலும் ஆடுகள் மட்டும்தான். பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த உயரத்தில் நாலைந்து ஊர்களின் பேண்டுகள் ஒரே நேரத்தில் கேட்கும். ஒன்றின் முடிவில் இன்னொன்று தொடங்கும். இரண்டு தாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பிறகு பிரிந்து போகும். எது எந்த ஊர் என்று சொல்ல முடியாது. அம்மா சொன்னாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

எங்கள் பேண்டு வந்தபோது பேச்சை நிறுத்தினாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். டியூபாவின் பொத்தான்களில் வைப்பதுபோல் என் முன்கையின் மேல் மூன்று விரல்களை வைத்தாள். கீழே வாசிப்பு தொடங்கியது. அவள் விரல்கள் அழுத்தின: ஒன்று, ஒன்றும் மூன்றும், எல்லாம் விட்டு, இரண்டு. டியூபாவின் பகுதி முழுவதையும் என் கையில் வாசித்தாள். கடைசியில் அந்த நீட்டு ஸ்வரம் வந்தது. ஒரு விரலை அழுத்திப் பிடித்தாள். நான் தட்டுகளை எண்ணினேன். கீழே புது ஆள் எட்டில் மூச்சு எடுத்தது சுவரில் இருந்த எனக்கே கேட்டது. அம்மாவின் விரல் எழவில்லை. பன்னிரண்டு முடிந்து, பேண்டும் ஓய்ந்து, பனிக்குள் கைதட்டல் கேட்டபிறகும் அவள் அதை எடுக்கவில்லை.