மேசைக்கு அடித்த ஆணி

மாமியார் வீட்டில் பின்பக்கத்துக்குத் தோட்டம் என்று பெயர். பேருக்குக்கூட ஒரு செடி கிடையாது. மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர், சுவரின் தலையில் பதித்த பாட்டில் சில்லு, ஒரு மூலையில் பாத்ரூம், இன்னொரு மூலையில் உடைந்த பீங்கான் குவியல். நாலாவது பக்கம் வீடு. தோட்டத்தை விட்டு வெளியே போக, ஒருக்களித்து நுழைகிற மாதிரி ஒரே ஒரு வாசற்படி. அதைத் தாண்டினால் அத்தையின் கட்டில். கட்டிலில் அத்தை இருப்பார், எப்போதும் இருப்பார். சோப்பு வாங்கக் கடைக்குக் கிளம்பினாலும் "எங்கம்மா?" என்று கேட்பார். கோபமாகக் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சாதாரணமாகத்தான் கேட்பார். எனக்கு மூச்சு முட்டும்.

என் பகல் முழுக்க அந்தத் தோட்டத்தில்தான் போனது. என் வீட்டுக்காரர் பீங்கான் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு கொட்டகை எடுத்து, அச்சில் மண்கூழ் ஊற்றிப் பொம்மை எடுத்துக்கொண்டிருந்தார். சுடாத பச்சைப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவார். அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் ஒரு பிசிறு ஓடும். அதைப் பிளேடால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, காயவைத்துச் சூளைக்கு அனுப்புவது என் பாடு. டீச்சர் டிரெயினிங் முடித்தவள் நான். தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிள்ளையாருக்குத் தும்பிக்கை வழித்துக்கொண்டிருந்தேன். நல்ல உத்தியோகம்.

தைக்குள் பாண்டிச்சேரிக்குப் போய்விடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அங்கே டைல்ஸ் கம்பெனி ஒன்றில் அவருடைய சிநேகிதர் சூப்பர்வைசராக இருந்தார், ஆள் வேண்டும் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நானும் ஏதாவது ஸ்கூலில் சேர்ந்துவிடலாம். கதவைச் சாத்தினால் சாத்தினதாகவே இருக்கும் ஒரு வீடு, அவ்வளவுதான் நான் கேட்டது. அதற்கு முன்னாலும் தை வந்தது, போனது. ஆனால் அந்த வருடம் நிஜமாகவே பேச்சு நடந்தது. புதிதாக வாங்கிய செல்லில் சிநேகிதர் கூப்பிட்டால் இவர் தெருமுனை வரைக்கும் போய்ப் பேசிவிட்டு வருவார். "அம்மாகிட்ட நேரம் பாத்து நானே சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத" என்றார். நானும் திறக்கவில்லை.

அதே வருடம்தான் கம்மாபுரம் பக்கத்தில் எங்கள் அப்பா வீடு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனது. இடிப்பதற்கு முன்னால் அப்பா மச்சுப் பலகைகளையும் சட்டங்களையும் கழற்றி, என் பங்கு என்று கொஞ்சம் வேங்கை மரத்தை மினி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். வண்டி வந்து நின்றபோது தெருவே வேடிக்கை பார்த்தது. இனிமேல் கோபித்துக்கொண்டு போய் உட்கார எனக்கு வீடு கிடையாது. பலகைதான் இருந்தது.

பலகையைச் சும்மா போட்டுவைத்தால் கரையான் தின்னும், ஒரு மேசை செய்துவிடலாம் என்று சொன்னது வீட்டுக்காரர்தான். "குனிஞ்சி குனிஞ்சி இடுப்பு போவுதுன்னு சொல்றியே, தோட்டத்துல போட்டுக்கினா நின்னுக்கினே வேல பாக்கலாம்." பரவாயில்லையே, நம் இடுப்பைப் பற்றியும் ஒருத்தர் யோசிக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். தை வரைக்கும் பொம்மைக்கு இருக்கட்டும், பாண்டிச்சேரி போனதும் அதுவே சாப்பாட்டு மேசை என்று கணக்குப் போட்டேன். பால்வாடிக்குப் போகிற என் பிள்ளை எங்கள் அப்பா வீட்டு மரத்தில் சோறு சாப்பிடும் என்று நினைத்தபோது மனசு குளிர்ந்தது. நினைப்புக்கு என்ன வாடகையா?

மழைக்காலம் தொடங்குமுன் ஆசாரி வந்தார். கையைவிட வாய்தான் அதிகம் வேலை செய்யும் மனிதர். பலகையைத் தட்டினார், மோந்து பார்த்தார், எந்த ஊர் மரம் என்று கேட்டார், பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு பிரசங்கத்தைத் தொடங்கினார். "வெயில்லயும் மழையிலயும் கெடக்கப் போற மேசம்மா இது. வூட்டுக்குள்ள போடுற மாதிரி நெனைக்கக் கூடாது. பலகய ஒண்ணோட ஒண்ணு நாக்கும் காடியுமா இறுக்கிச் சேத்துடலாம், கண்ணாடி மாதிரி இருக்கும். இல்லன்னா நடுவுல சந்து வுட்டு, அடியில குறுக்குச் சட்டம் குடுத்து, தனித்தனியா முடுக்கலாம். என்னா சொல்றீங்க?"

"சந்து வுட்டா பொம்ம கவுந்துடும்" என்றார் அத்தை. கட்டிலை விட்டு எழுந்து வாசற்படிக்கே வந்துவிட்டிருந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சுருங்குவதும் விரிவதும் எனக்குத் தெரிந்த சங்கதி. காய்ந்த கப்பில் ஈரக் கைப்பிடியை ஒட்டினால், சூளைக்குப் போகுமுன்பே விரிசல் விடும். இறுக்கிச் சேர்த்தால் மழையில் பலகை ஊதி, போக இடமில்லாமல் நடுவில் தூக்கிக்கொள்ளும், காடிக்குள் தண்ணீர் நின்று உளுத்துப்போகும் என்றேன். பேனா ரீஃபில் நுழைகிற சந்து போதும், எந்தப் பிள்ளையாரும் அதில் விழமாட்டார் என்றேன். ஆசாரி தான் சொல்ல நினைத்ததையே நான் சொல்லிவிட்டதாகச் சொன்னார். வீட்டுக்காரரும் தலையாட்டினார். அந்த வீட்டில் நான் சொல்லி ஒரு காரியம் நடந்தது அதுதான் முதல் தடவை. ரொம்பப் பெருமையாக இருந்தது, போய் எல்லோருக்கும் டீ போட்டேன்.

பலகை இழைத்து, சந்து விட்டுச் சட்டத்தில் முடுக்கி, மேல்பாகம் தயாரானது. அடுத்தது கால்.

டீ டம்ளரை வைத்துவிட்டு ஆசாரி கேட்டார். "காலுக்கு என்னா பண்றது? சட்டத்தக் காலத் தாண்டி வெளிய நீட்டி ஆப்பு சொருவலாம், வேணுங்குறப்ப தட்டிக் கழட்டிக்கலாம். இல்ல, சட்டத்து முனையக் கூரா செதுக்கி, காலுத் தொளைக்குள்ளயே நிக்குற மாதிரி எறக்கி, பச தடவி, மூங்கில் ஆணி அடிச்சிடலாம். அப்புறம் கழட்டுற பேச்சே கெடையாது."

இப்படி நடுத்தோட்டத்தில் எல்லோர் முன்னாலும் யாராவது கேட்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மரம் இழைத்த சுருளை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஆப்பே வச்சிடுங்கண்ணே" என்றேன். "வெயில்ல கூரு தளரும். ஆப்பா இருந்தா ஒரு தட்டு தட்டி இறுக்கிக்கலாம். பச மழைக்கு நிக்காது."

"ஆப்பு வெளிய துருத்திக்கினு இருக்கும், புள்ள கால இடிச்சிக்கும்" என்றார் அத்தை.

"புள்ளைக்குக் கண்ணு தெரியும் அத்த."

"தெனம் தட்டிக்கினு இருந்தா மேல இருக்குற பொம்ம ஆடாதா?"

"பொம்ம இல்லாதப்ப தட்டலாம்."

ஆசாரி இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். கூருக்காக இரண்டு பெண்கள் இப்படி வரிந்துகட்டிக்கொண்டு நிற்பதை அவர் பார்த்திருக்கமாட்டார். எனக்கு வாதமெல்லாம் தீர்ந்துபோனது. கடைசியாக, இருந்த ஒரே நிஜத்தைச் சொல்லிவிட்டேன். "ஆணி அடிச்சிட்டா அந்த வாசப்படில நொழையாது. மேசய வெளிய எடுக்கவே முடியாது."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தார். "எங்கப்பா எடுத்துக்கினு போவப் போறீங்க?" என்று கேட்டார். தெருமுனை வரைக்கும் போய்ப் பேசிய போனெல்லாம் அந்தக் கட்டிலுக்கு எப்போதோ கேட்டுவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

சொல்லுங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன். நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றீர்களே, இதைவிட என்ன நேரம் வேண்டும்? பாண்டிச்சேரி என்று ஒரு வார்த்தை. நீங்கள் ஆரம்பித்தால் மீதியை நான் பேசிக்கொள்கிறேன், திட்டெல்லாம் நான் வாங்கிக்கொள்கிறேன். அவர் சுருளைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"எங்கயும் போவலம்மா. அண்ணே, ஆணியே அடிச்சிடுங்க."

ஆசாரி மூங்கிலைச் சீவ ஆரம்பித்தார். அத்தை அப்படியும் உள்ளே போகவில்லை. கூரில் பசை தடவி, சட்டத்தைக் காலில் இறக்கி, மேல்பாகத்தைத் தூக்கி வைத்து நிமிர்த்தினார்கள். ஆணி அடிக்கும்போது மேசை எகிறக் கூடாது, மேலே யாராவது உட்கார்ந்தால் நாலு காலும் தரையில் சமமாக நிற்கும் என்றார் ஆசாரி. வீட்டுக்காரர் காலைப் பிடித்திருந்தார். அத்தையால் ஏற முடியாது. "ஒரு நிமிஷம் ஏறி ஒக்காரும்மா" என்றார்கள். ஏறி உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு அடியும் பலகை வழியாக என் உடம்பில் ஏறியது. அங்கிருந்து பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தெரியும். பக்கத்து வீட்டிலும் இதே மாதிரி ஒரு தோட்டம், அதற்கு அப்பாலும் ஒரு சுவர். எனக்குக் கோபம்கூட வரவில்லை. பயமாக இருந்தது. நான் இங்கேயே கிழவியாகி, அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, யாரையாவது "எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன் என்று பயமாக இருந்தது.

வேலை முடிந்து ஆசாரி கை கழுவப் போனார். அத்தை டிவி போட்டுவிட்டார். வீட்டுக்காரர் மேசையின் மூலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நான் மேலேதான் உட்கார்ந்திருந்தேன், கொஞ்சம்கூட அசையவில்லை.

"அப்ப எப்பதாங்க போறது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். முகத்தில் கள்ளமே இல்லை. நான் ஏதோ புரியாமல் கேட்கிறேன் என்பது மாதிரி, பொறுமையாகச் சொன்னார்.

"என்னா அவசரம்? இப்பதான உனக்கு மேசயே போட்டிருக்குது."