பஸ்ஸில் ஏறிய மான்

எங்கள் சிறுவர் எழுத்தாளர் வட்டத்தின் மாதச் செய்தியைத் தயாரிப்பவள் நான். ஒரே ஒரு தாள்தான். யாருடைய கதை ஞாயிற்றுப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் வந்தது, யார் எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கதை சொல்லப் போகிறார், யாருடைய புத்தகம் எங்கே வெளியிடப்படுகிறது, அவ்வளவுதான். வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள வாசிகசாலைப் பலகையிலும் ஒரு பிரதியைக் குத்துவேன். ஒன்பது பேர் கொண்ட வட்டத்தில் மற்ற எட்டுப் பேரின் நல்ல செய்தியையும் என் கையாலேயே தட்டவேண்டும். ஒவ்வொன்றின் கீழும் "மனமார்ந்த வாழ்த்துகள்" என்று போடுவது வழக்கம். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டிய மாதங்கள் பல.

அதிகம் கடிக்கவைத்தவர் கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு டீச்சர். சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிப்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், வட்டத்தில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நானோ கந்தோரில் கோப்புகளுக்கு நடுவே இருந்துகொண்டு பதினைந்து வருடமாக எழுதுகிறேன். ஒரு கதையை ஆறு தரம் திருத்துவேன். அவர் பாலத்தைக் கடந்து வரும் பஸ்ஸில் யோசித்து, வந்து இறங்கியதும் எழுதிவிடுவார். எழுதியது நன்றாகவும் இருந்து தொலைக்கும்.

வட்டத்தில் வருடத்துக்கு ஒரு கதையைப் படப் புத்தகமாக அச்சிடுவோம். எந்தக் கதை என்பதை நாங்கள் தீர்மானிப்பதில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் வாசிகசாலையில் பிள்ளைகளை இருத்தி, கடைசியாக மிஞ்சிய இரண்டு கதைகளையும் வாசிப்போம். எழுதியவர் யாரென்று சொல்லமாட்டோம். பிள்ளைகள் ஆளுக்கொரு புளியங்கொட்டையைப் பிடித்த கதையின் டின்னுக்குள் போடுவார்கள். இதில் ஒரு விதி உண்டு. எழுதியவர் தன் கதையைத் தானே வாசிக்கக்கூடாது, இன்னொருவர் வாசிக்கவேண்டும். வாசிப்பவர் தாளில் உள்ள சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

போன வருடம் மிஞ்சியவை அவருடைய கதையும் என்னுடைய கதையும். ஆகவே தாள்களை மாற்றிக்கொண்டோம்.

என்னுடையது ஒரு சின்ன இழுவைப் படகு பெரிய கப்பலைத் துறைமுகத்துக்குள் இழுத்து வருவது பற்றியது. விடாமுயற்சி வேண்டும் என்ற புத்திமதி அதில் மூன்று இடத்தில் வரும். அவருடையது எங்கள் பட்டினத்தில் தெருத்தெருவாகத் திரியும் மான்களில் ஒன்றைப் பற்றியது. மான் பஸ் நிலையத்துக்கு வந்து கிண்ணியா பஸ்ஸில் ஏறுகிறது. நடத்துனர் நிமிர்ந்து பார்க்காமலே, "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்கு இடம் இருக்கு" என்கிறார். மான் பின்னுக்குப் போகிறது. அடுத்து இப்படி எழுதியிருந்தார்: "பஸ்ஸில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் அது பக்கத்தில் இருப்பவருடைய மான் என்று நினைத்துக்கொண்டார்கள்."

பாலையூற்றில் என் வீட்டுக் குசினியில் நின்று அதை முதன்முதலாக வாசித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் வயிறு பற்றி எரிந்தது. பதினைந்து வருடத்தில் இப்படி ஒரு வரி எனக்கு ஏன் வரவில்லை? அன்றைக்கே அது பாடமாகிவிட்டது. மறக்கப் பார்த்தும் முடியவில்லை.

சனிக்கிழமை வந்தது. "ஒன்றும் கேட்கவில்லை" என்ற இடத்தில் ஒரு மூச்சு நிற்கவேண்டும். பிள்ளைகள் மானைப் பார்க்கவேண்டும், பிறகுதான் அடுத்த வசனம் வரவேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். நான் நிற்கவில்லை. கந்தோரில் சுற்றறிக்கை வாசிக்கும் குரலில் இரண்டு வசனத்தையும் ஒன்றாக இழுத்து வாசித்துக்கொண்டு போனேன். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. ஒரு சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. விதியை மீறினேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

பிறகு அவர் என் கதையை வாசித்தார். "இயந்திரம் இருமியது" என்று நான் எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி, உண்மையாகவே இருமினார். படகு இழுக்க இழுக்க இருமல் கூடியது. பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து இருமினார்கள். புத்திமதி வந்த இடங்களைக்கூட யாரும் கவனிக்காதபடி தாண்டிக் கொண்டுபோனார். என் டின் நிறைந்துவிட்டது.

கதிரைகளை அடுக்கும்போது என்னிடம் வந்தார். "நீங்க நல்லாத்தான் வாசிச்சீங்க அக்கா. கதைலதான் எங்கயோ பிழை. எந்த இடம் எண்டு விளங்குதா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அந்த பஸ் இடம்தான் கொஞ்சம் இழுபடுது போல" என்றேன்.

"ஓம், இருக்கும்" என்று சொல்லித் தலையாட்டினார்.

அந்த மாதச் செய்தியில் என் வெற்றியை நானே தட்டினேன், மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில். புத்தகம் வந்த பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வாசிக்கப் போனேன். இருமியும் பார்த்தேன். தம்பலகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், வாசிகசாலைக்கு வந்திருந்த சிறுமி ஒருத்தி எழும்பி, "இருமுற டீச்சர் வரேல்லையா?" என்று கேட்டாள். என் புத்தகத்தை நானே வெறுத்தபடி பஸ் ஏறினேன்.

இந்த வருடம் நான் கதை அனுப்பவில்லை. அவர் அனுப்பினார், அதே மான் கதையைத் திருத்தி. அதுவும் கடைசி இரண்டுக்கு வந்தது. தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, கீழே ஒரு குரல் பதிவும் போட்டிருந்தார். "நீங்க சொன்ன மாதிரி பஸ் இடத்த எடுத்திட்டன் அக்கா. இந்த முறையும் நீங்களே வாசிங்க, உங்களுக்குத்தான் கதை விளங்கும்."

புதிய தாளில் மான் பஸ் நிலையத்தைக் கடந்து கடற்கரைக்குப் போய், கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. பஸ் இல்லை, நடத்துனர் இல்லை, அந்த வரியும் இல்லை. வாசித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்தால் இதை எழுதவே தேவையில்லை. இனி அந்த வரியை யாரும் கேட்கமாட்டார்கள், அது என்னோடு போய்விடும் என்று நினைத்தேன். அன்று மத்தியானம் அந்தக் குரல் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

சனிக்கிழமை பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள். அவர் பின்சுவரோடு சாய்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "மான் பஸ் நிலையத்துக்கு வந்தது" என்று வாசித்தேன். அடுத்த வசனம் "அதைக் கடந்து" என்று தொடங்கியது. தாளைக் கீழே இறக்கினேன்.

"கிண்ணியா பஸ்ஸில் ஏறியது" என்றேன்.

நடத்துனர் வந்தார், மான் பின்னுக்குப் போனது. எல்லாம் எனக்குப் பாடம். "பஸ்ஸில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை" என்று சொல்லி நிறுத்தினேன். ஒரு மூச்சு நின்றேன். ஒரு பையன் கழுத்தை நீட்டி அறையின் பின்பக்கத்தைப் பார்த்தான், மான் அங்கே நிற்பதுபோல. அதன் பிறகு மற்ற வசனத்தைச் சொன்னேன்.

வாசிகசாலையே சிரித்தது. முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் காட்டி, "உன்ர மான், உன்ர மான்" என்று உருண்டார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதும் எனக்கு எரிந்தது. என் வாயிலிருந்து வந்தாலும் அது என் வரி இல்லையே.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளில் இல்லாததை வாசித்தது பிழை என்று வட்டத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். பிழைதான், என்னுடைய பிழை, கதையினுடையது இல்லை என்றேன். அந்த டின்னை எண்ணுவதா விடுவதா என்று அவர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தபோது டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த இடத்தில நிக்கவேணும் எண்டு போன வருசமும் உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"ஓம்" என்றேன்.

அவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிண்ணியா பஸ்ஸுக்குப் போனார்.